புதர்த் தக்காளிக்குக் குச்சியா, கூண்டா? கேஎல், பினாங்கு வீட்டுத் தோட்டக்காரர்கள் வந்து சொல்லுங்கள்

செந்தூல் பால்கனி

எல்லாருக்கும் வணக்கம். செந்தூலில் அடுக்குமாடி வீடு. பால்கனி கிழக்குப் பக்கம், விடிந்ததிலிருந்து மதியம் வரை நல்ல வெயில் விழும். சுங்கை பூலோவில் ஒரு நர்சரியில் ரோமா தக்காளி நாற்று வாங்கி, 16 அங்குலப் பொலிபேக்கில் பைக்கு ஒன்றாக நட்டேன். மண்ணும் தேங்காய் நார்த்தூளும் பாதிப்பாதி. செடி முழங்கால் உயரம் வந்து, முதல் பூங்கொத்தும் வைத்துவிட்டது.

பிரச்சினை இதுதான். நடுவில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி நடுத்தண்டைக் கட்டியிருக்கிறேன். அது நேராக நிற்கிறது. ஆனால் பக்கக் கிளைகள் நாலாபக்கமும் சாய்கின்றன. போன வாரம் சாயங்கால மழையில் ஒரு கிளை கணுவோடு கிழிந்து தொங்கிவிட்டது. வீடியோவில் பார்த்துவிட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடு என்கிறார் வீட்டுக்காரர். நர்சரிக்காரரோ, "இது புதர் ரகம், குச்சியே வேண்டாம், அதுபாட்டுக்கு விடுங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

செராஸ் மாடி

கிள்ளிவிடுங்கள். நான் எந்தத் தக்காளியாக இருந்தாலும் ஒற்றைத் தண்டாகத்தான் விடுவேன். நம் ஊர் ஈரத்துக்கு இலை அடர்ந்தால் கருகல் நோய் வந்து எல்லாம் போய்விடும். காற்று புகுந்து வெளியே வர வேண்டும்.

பாலிக் புலாவ் தோட்டம்

தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள், கிள்ளிவிடாதீர்கள். செராஸ் தம்பி சொல்வது கொடி ரகத்துக்குச் சரி. உங்களுடையது ரோமா.

கொடி ரகத்தில் நுனி ஓயாமல் வளரும். மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து என்று வைத்துக்கொண்டே மேலே போகும். பக்கக் கிளையை எடுத்தாலும் நடுத்தண்டு காய்ப்பை நிறுத்தாது. புதர் ரகத்தில் அப்படி இல்லை. தண்டு ஓர் அளவு வளர்ந்ததும் அதன் நுனியே ஒரு பூங்கொத்தாக முடிந்துவிடும். அந்தத் தண்டு அத்தோடு சரி. அப்புறம் காய் வருவதெல்லாம் பக்கக் கிளைகளில்தான். ஒவ்வொரு பக்கக் கிளையும் தன் பங்குக்குச் சில கொத்துகளை வைத்துவிட்டு அதுவும் பூவில் முடியும். அதை முளையிலேயே கிள்ளினால் நடுத்தண்டின் சில கொத்துகளோடு செடியின் கதை முடிந்துவிடும்.

எடுக்கலாம் என்றால் ஒன்றைத்தான் எடுக்கலாம். முதல் பூங்கொத்துக்குக் கீழே, தண்டின் அடியில் வரும் கிளைகள் இரண்டு மூன்று இருக்கும். அவை மண்ணை ஒட்டிக் கிடக்கும், வெயிலும் படாது. விரல் நீளம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மண்ணைத் தொடும் இலைகளும் வேண்டாம். முதல் கொத்துக்கு மேலே இருப்பதில் கை வைக்காதீர்கள்.

இனி நர்சரிக்காரர் சொன்னது. குச்சியே வேண்டாம் என்பது எங்கே பொருந்தும் தெரியுமா? கலிபோர்னியாவில் சாஸ் தொழிற்சாலைக்குப் போகும் தக்காளியெல்லாம் புதர் ரகம்தான். தரையில் படரவிட்டு, பழுத்ததும் இயந்திரத்தை ஓட்டி ஒரே தடவையில் செடியோடு அறுத்துவிடுவார்கள். அங்கே கோடையில் மழை என்பதே அபூர்வம், அதனால் பழம் மண்ணில் கிடந்தாலும் அழுகாது. இங்கே பெய்கிற மழையில் தரையில் கிடக்கும் கிளையின் இலைக்கு அடியில் போய்ப் பாருங்கள், முழுக்கச் சேறு தெறித்திருக்கும். அந்தச் சேற்றோடுதான் கருகல் நோயின் வித்துகள் ஏறுகின்றன. பழத்தைத் தேடி நத்தையும் வரும். ஆகவே நமக்குத் தாங்கல் கட்டாயம் வேண்டும். செடியை உயரம் ஏற்றுவதற்காக இல்லை, இலையையும் காயையும் ஈர மண்ணிலிருந்து தூக்கிப் பிடிப்பதற்காக.

அதனால்தான் ஒற்றைக் குச்சி உதவாது என்கிறேன். குச்சி ஒரு தண்டை மட்டும் பிடிக்கும். புதர்ச் செடிக்கு ஐந்தாறு கிளை இருக்கும், காய் கனத்தால் எல்லாமே வெளிப்பக்கம் சாயும். வெளியிலிருந்து வளைத்துப் பிடிக்க வேண்டும். அதற்குக் கூண்டுதான்.

செந்தூல் பால்கனி

நன்றி அண்ணே. கூண்டு என்றால் கடையில் விற்கும் அந்தப் பச்சைக் கம்பிக் கூம்பா? மேலே அகலம், கீழே குறுகல், மூன்று வளையம் இருக்கும்.

பாலிக் புலாவ் தோட்டம்

அது மிளகாய்க்குப் போதும். ரோமா காய் பிடித்தால் அந்தக் கம்பி வளையும். கீழே குறுகலாக இருப்பதால் காற்றில் செடியோடு கவிழவும் செய்யும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கான்கிரீட் தளத்துக்குப் போடும் பிஆர்சி வலை இருக்கிறதே, வீடு கட்டும் இடங்களில் மிச்சத் துண்டு கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஹார்ட்வேர் கடையிலும் வெட்டித் தருவார்கள். சாதாரணமாகக் கட்டம் 20 சென்டிமீட்டர் இருக்கும், முழங்கை வரை உள்ளே விட்டுப் பழத்தைப் பறித்து வெளியே எடுக்கலாம். வேலிக்குப் போடும் சின்னக் கட்ட வலை வேண்டவே வேண்டாம், பழுத்த பழத்தை வெளியே எடுக்க முடியாமல் உள்ளேயே நசுக்கும்படி ஆகிவிடும்.

ஒன்றரை அடி விட்டத்துக்கு ஐந்தடி நீளத் துண்டு வேண்டும். அதில் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் கொஞ்சம் மிஞ்சும். உருளையாக வளைத்து, ஓரக் கம்பியின் நுனிகளை எதிர்க் கம்பியில் மடக்கிவிடுங்கள். அடியில் இருக்கும் ஒரு படுக்கைக் கம்பியை மட்டும் வெட்டி எடுத்தால் செங்குத்துக் கம்பிகள் கால்களாக நிற்கும், தரையில் குத்திவிடலாம். ரோமாவுக்கு உயரம் மூன்றரை, நாலடி போதும். வெட்டிய முனைகளில் பழைய தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கிச் செருகிவிடுங்கள், கண்ணில் குத்தாமல் இருக்கும்.

கூண்டை நாற்று நடும் அன்றே வைத்துவிட வேண்டும். சாய்ந்த பிறகு கிளைகளைச் சுருட்டி உள்ளே திணித்தால் கணுவில் கிழியும். உங்கள் செடி முழங்கால் உயரம் என்பதால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. காலை நேரத்தில் தண்டில் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், பட்டென்று ஒடியும். வெயில் ஏறி, செடி லேசாகத் தளர்ந்த பிறகு ஒவ்வொரு கிளையாகக் கையில் தூக்கி உள்ளே விடுங்கள்.

கெப்போங் தோட்டக்காரி

அண்ணன் தரையில் நடுகிறவர். பால்கனிக்கு அந்தக் கனக் கம்பியைத் தூக்கிப்போவதும் சிரமம், லிஃப்டிலும் பிடிக்காது. எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் எல்லாம் பொலிபேக்தான். நான் செய்வது இது.

நாலு மூங்கில், நாலடி நீளம். பையின் நாலு ஓரத்திலும் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து ஊன்றுவேன். ராஃபியா கயிற்றை ஒரு சாண் உயரத்தில் ஒரு சுற்று, ஒவ்வொரு மூங்கிலிலும் ஒரு மடிப்புப் போட்டு இழுத்துக் கட்டுவேன். செடி வளர வளர மேலே சாணுக்கு ஒரு சுற்று. கிளைகள் அந்தக் கயிற்றின்மேல் கை போட்டுச் சாய்ந்துகொள்ளும். செடியைக் கட்டவே வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். நார்த்தூள் கலவை இலேசானது, மூங்கிலைப் பிடித்து நிறுத்தாது. காற்றடித்தால் நாலும் ஒரே பக்கம் சாயும். அதற்கு, பையைக் காய்கறி வரும் பிளாஸ்டிக் கூடைக்குள் இறக்கி, மூங்கில்களைக் கூடையின் ஓட்டையில் கேபிள் டையால் இறுக்கிவிடுவேன். கூடையின் அடியில் இரண்டு செங்கல் வைத்தால் அசையாது. பால்கனிக்கும் இதுவே நல்லது. தயவுசெய்து செடியைக் கைப்பிடிச் சுவரின்மேல் மட்டும் வைக்காதீர்கள் தங்கச்சி, கீழே குழந்தைகள் நடமாடுவார்கள்.

இன்னொன்று. பைக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதம் வரும். அபராதம் கிடக்கட்டும், டெங்கி வந்து படுத்தவர்களைப் பார்த்தவள் நான்.

செராஸ் மாடி

பாலிக் புலாவ் அண்ணன் சொல்லும் வளர்ச்சிக் கணக்கு புரிகிறது. ஆனால் என் கேள்விக்கு விடை வரவில்லை. கிளையை எல்லாம் விட்டுவிட்டால் நடுவில் காற்றே போகாதே? கூண்டுக்குள் அடைத்துவைத்தால் இன்னும் மோசமாகாதா? நான் இருப்பது மேல்மாடி, அங்கேயே இலை காய்வதற்கு மதியம் ஆகிவிடுகிறது.

பாலிக் புலாவ் தோட்டம்

நல்ல கேள்வி. அதற்கு இலையைக் குறைக்கலாம், கிளையைக் குறைக்கக் கூடாது. காய் பிடித்த பிறகு, அந்தக் காய்க்குக் கீழே, செடியின் உட்பக்கம் நிழலில் கிடக்கும் வயதான இலைகளை எடுத்துவிடலாம். ஒரு நாளில் இரண்டு மூன்று இலைக்குமேல் வேண்டாம். காய்க்கு மேலே குடையாக நிற்கும் இலையை எடுத்துவிட்டால் மதிய வெயில் நேரே விழுந்து காயில் வெள்ளைத் தழும்பு வரும், அந்த இடம் அழுகும்.

எடுக்கும் நேரமும் முக்கியம். இலை காய்ந்திருக்கும்போது, வெயில் நாளில், காலை பத்து மணிக்குமேல். ஈரத்தில் எடுத்தால் காயத்தின் வழியாக நோய் ஏறும்.

அப்புறம் இடைவெளி. பைக்குப் பை இரண்டடி விடுங்கள். தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். மண்ணின்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பினால் சேறு தெறிக்காது. இத்தனையும் செய்தால் கிளையைக் கிள்ளுவதால் கிடைக்கும் காற்றைவிட அதிகம் கிடைக்கும், காயும் குறையாது.

வேர் விரும்பி, செர்டாங்

கிளை விஷயத்தில் ஒரு சின்னத் தகவல் சேர்க்கிறேன். புதர்த் தன்மை ஒரே ஒரு மரபணுவில் வந்த மாற்றம். 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வயலில் தானாகத் தோன்றியது. தானே தன்னைக் கத்தரித்துக்கொள்ளும் குணம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று தொழிற்சாலைத் தக்காளி அத்தனையிலும் அந்தக் குணம் இருக்கிறது. செடி ஏற்கெனவே தன்னைக் கத்தரித்துக்கொண்டுவிட்டது. அதன்மேல் நாமும் கத்தரித்தால் மிச்சம் என்ன இருக்கும்?

வேறொரு விஷயம், எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. விதைப் பாக்கெட்டில் பெயருக்குப் பின்னால் வி, எஃப், என் என்று எழுத்துகள் இருக்கும். ரோமாவில் வி, எஃப் இருக்கும். வெர்ட்டிசிலியம் வாடல், ஃபியூசேரியம் வாடல் இரண்டையும் தாங்கும் என்று பொருள். வெர்ட்டிசிலியம் குளிர்ந்த மண்ணின் நோய், கேஎல் தாழ்நிலத்தில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம் ஊரில் தக்காளியைக் கொல்வது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா என்ற கிருமி. அதற்கு அந்த எழுத்துகளில் ஒன்றும் காப்பு இல்லை. பாக்கெட்டில் பி.டபிள்யூ அல்லது ஆர்.எஸ் என்று இருந்தால் அதை எடுங்கள். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி தாழ்நிலத்துக்கென்று கொண்டுவந்த எம்.டி.1 ரகம் கிடைத்தால் விடாதீர்கள். கேமரன் மலையில் நன்றாக வருகிறது என்று சொல்லி விற்கும் ரகத்தை இங்கே வைத்தால் செடி வரும், காய் வருவது சந்தேகம்.

செந்தூல் பால்கனி

கெப்போங் அக்கா சொன்னபடி நாலு மூங்கில், கூடை, ராஃபியா எல்லாம் போட்டாயிற்று. கிழிந்த கிளையைத் துணியால் சுற்றிக் கட்டினேன், வாடவில்லை.

இப்போது வேறு பிரச்சினை. பூ நிறைய வருகிறது, ஆனால் பாதி உதிர்கிறது. கூர்ந்து பார்த்தால், பூவின் காம்பில் நடுவில் ஒரு முட்டி மாதிரி மடங்கிய இடம் இருக்கிறதே, அந்த இடம் முதலில் மஞ்சளாகிறது. மறுநாள் விரல் பட்டாலே அங்கே சரியாக ஒடிந்து பூ கையில் வருகிறது. உரம் போதவில்லையா? பச்சை என்.பி.கே போடுகிறேன்.

கெப்போங் தோட்டக்காரி

பச்சையை நிறுத்துங்கள். அது 15:15:15, இலை விடும் பருவத்துக்கு. பூ வைத்ததும் நீல உரத்துக்கு மாறிவிடுங்கள், 12:12:17:2. அதில் தழைச்சத்து குறைவு, சாம்பல் சத்து கூட. பை ஓரத்தில் ஒரு தேக்கரண்டி, பத்து நாளைக்கு ஒரு தடவை போதும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள்.

வேர் விரும்பி, செர்டாங்

அக்கா சொன்னது சரி, ஆனால் முக்கியக் காரணம் சூடு. பகலில் 32 டிகிரி, இரவில் 24 டிகிரி தாண்டத் தாண்ட மகரந்தம் கெட்டுப்போகிறது. கேஎல் இரவு 24ஐச் சுற்றியேதான் இருக்கும், கான்கிரீட் சூடு சேர்ந்தால் பால்கனியில் இன்னும் அதிகம். மகரந்தம் சேராத பூவை அந்த முட்டியில்தான் செடி கழற்றிவிடும். நீங்கள் பார்த்தது அதையே.

இரவை நம்மால் குளிராக்க முடியாது. ஆனால் இருக்கிற நல்ல மகரந்தத்தை வீணாக்காமல் பார்க்கலாம். தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்திருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். தரைத் தோட்டத்தில் பெரிய கருவண்டுகள் வந்து பூவைப் பிடித்து ரீங்காரத்தில் உதறிவிட்டுப் போகும். மாடிக்கு அவை வருவது குறைவு. காலை எட்டிலிருந்து பத்துக்குள், பூ காய்ந்திருக்கும்போது, ஒவ்வொரு கொத்தின் காம்பையும் விரலால் சுண்டிவிடுங்கள். பேட்டரி பல் துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் ஒரு விநாடி வைத்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் பட்டால் மஞ்சள் தூள் விழுவது கண்ணுக்கே தெரியும்.

சிமெண்டுத் தரையில் பையை நேரே வைக்காமல் கட்டையின்மேல் தூக்கி வைத்தால் வேரில் சூடு குறையும். அடுத்த தடவை சின்னக் காய் ரகமும் ஒன்று சேர்த்து வையுங்கள். செர்ரி அளவுக் காய்கள் சூட்டில் பெரிய காயைவிடச் சுலபமாகப் பிடிக்கும்.

ஜெலுத்தோங் டெரஸ்

இழை நன்றாகப் போகிறது. வரிசையாக நடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முன்னால் வேலியோரம் பத்தடி நீளப் பாத்தி. கூண்டு செய்தால் செலவு கூடுகிறது, அதனால் கயிறு பின்னுகிறேன். இரண்டு செடிக்கு ஒரு கம்பம், வரிசையின் இரண்டு முனையிலும் கனமான கம்பம். செடி ஓரடி வந்ததும், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் கயிற்றை முனைக் கம்பத்தில் கட்டி, செடிகளின் ஒரு பக்கமாகக் கொண்டுபோய், வழியில் வரும் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசிக் கம்பத்தில் திரும்பி, மறு பக்கமாக வந்து சேர வேண்டும். செடி இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நிற்கும். அரையடி அரையடியாக மேலே அடுத்த சுற்று. புதர் ரகத்துக்கு நாலைந்து சுற்று போதும்.

முனைக் கம்பத்தைப் பலமாக ஊன்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அது உள்பக்கம் சாய்ந்தால் நடுவில் கயிறு தொய்ந்துவிடும். நான் இரண்டு முனையிலும் ஒன்றரையடி ஆழம் அடித்து, வெளிப்பக்கம் ஒரு முட்டுக் கட்டையும் கொடுத்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அம்மா

மன்னிக்கவும், நடுவில் புகுந்து கேட்கிறேன். என் செடி காய் பிடித்த நிலையில் நேற்று மதியம் தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்தது. இன்று மறுபடியும் தொங்குகிறது, இலை பச்சையாகவே இருக்கிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. இன்னும் தண்ணீர் விடட்டுமா?

பாலிக் புலாவ் தோட்டம்

தண்ணீர் வேண்டாம் அம்மா. பச்சை இலை, ஈர மண், மதியம் தொங்கி மாலையில் நிமிர்வது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கிளையில் சோதித்துவிடலாம். வாடிய கிளையில் அடிப்பக்கத்திலிருந்து விரல் நீளத் தண்டு ஒன்று வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி தண்டைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். அசைக்காதீர்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்தால் தெளிவாகத் தெரியும். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக, பால் நூல் போல ஏதாவது இறங்குகிறதா பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அம்மா

இறங்குகிறது. மெல்லிய புகை மாதிரி நேராகக் கீழே வந்து அடியில் தேங்குகிறது. தண்டை நடுவில் கீறிப் பார்த்தேன், உள்ளே பழுப்பாக இருக்கிறது. காய் இருபதுக்குமேல் தொங்குகிறது, எல்லாம் பச்சை.

பாலிக் புலாவ் தோட்டம்

வருத்தமாக இருக்கிறது அம்மா. அது பாக்டீரியா வாடல்தான், அதற்கு மருந்து கிடையாது. அந்த வெள்ளை நூல் முழுக்கக் கிருமி. தண்ணீர் மேலே ஏறும் குழாய்களை அது அடைத்துவிட்டது.

காயைப் பறித்துக்கொள்ளுங்கள், ஊறுகாய்க்கும் கூட்டுக்கும் ஆகும், மனிதருக்கு ஒன்றும் செய்யாது. செடியை வேரோடு, மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழிக்குள் போட வேண்டாம். அந்தப் பையின் மண்ணை மற்றச் செடிக்குக் கொட்ட வேண்டாம், தண்ணீர் அடுத்த பைக்கு வழியவும் விடாதீர்கள். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கத்தியைப் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள். ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்குச் செடிகள் பக்கத்தில் இருந்தால் இன்றே தள்ளி வையுங்கள், இதே கிருமி அவற்றுக்கும் வரும்.

வேர் விரும்பி, செர்டாங்

அம்மா, மனம் தளராதீர்கள், இதற்கு வழி இருக்கிறது. ஒட்டு நாற்று. பாக்டீரியா வாடலைத் தாங்கும் கத்தரியின் வேரில் தக்காளியை ஒட்டுவது. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் இதற்கென்றே ஈ.ஜி.203 என்ற கத்தரி வேரைப் பரிந்துரைக்கிறது. வெள்ளம் நின்றாலும் சில நாள் அது தாங்கும், நம் மழைக்கு அதுவும் ஒரு லாபம். இங்கே கத்தரியைச் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுகிறவர்கள் நிறைய, தக்காளியையும் சிலர் அதில் ஒட்டிப் பார்க்கிறார்கள்.

வாங்கினாலும் செய்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். சாதாரணத் தக்காளி நாற்றை ஆழமாக நடச் சொல்வோம், தண்டிலும் வேர் விடும் என்பதால். ஒட்டு நாற்றை அப்படி நட்டால் மேல்தண்டு மண்ணுக்குள் தன் வேரை இறக்கிவிடும், கிருமி அதன் வழியாகவே ஏறும். ஒட்டின் தழும்பு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரிய வேண்டும். மேலே மண் அணைக்கவும் கூடாது. ஒட்டு இடத்தில் காற்று அசைத்தால் ஒடியும் என்பதால் தாங்கல் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அம்மா

மிக்க நன்றி. பறித்துவிட்டேன், பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பச்சைத் தக்காளிப் பச்சடி செய்கிறேன். ஒட்டு நாற்று கிடைத்தால் மறுபடி வைப்பேன், இந்த வயதில் எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

செந்தூல் பால்கனி

சுண்டிவிட்டது பலிக்கிறது! இரண்டாவது, மூன்றாவது கொத்தில் காய் நிற்கிறது. கயிற்றின்மேல் கிளைகள் நன்றாகச் சாய்ந்துகொண்டன. முதல் கொத்து பழுக்கிறது, ஆனால் நிறம் ஆரஞ்சாகவே நிற்கிறது. கடையில் பார்க்கும் சிவப்பு வரவில்லை. இரண்டு காயின் அடியில் கறுப்பு வட்டம், தோல் பதனிட்டதுபோலத் தட்டையாக இருக்கிறது.

வேர் விரும்பி, செர்டாங்

ஆரஞ்சு நிறத்துக்கும் சூடுதான் காரணம். சிவப்பைக் கொடுக்கும் லைகோபீன் 30 டிகிரிக்குமேல் சரியாக உருவாகாது, மஞ்சள் நிறச் சத்து மட்டும் உருவாகிறது. காயின் அடியில் நிறம் லேசாக மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் கூடையில் வையுங்கள், வெயில் படாத இடத்தில். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். உள்ளேயே சிவக்கும், சுவையில் குறைவு வராது.

கறுப்பு அடிக்கு நோய் காரணமில்லை. சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், தண்ணீர் ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று போவதால் வரும். காய்த்த செடிக்குக் காலை, மாலை இரண்டு வேளை அளவாக ஊற்றுங்கள். ரோமா போன்ற நீளக் காய்க்கு இது சீக்கிரம் வரும்.

ஜெலுத்தோங் டெரஸ்

நிறம் மாறும்போதே பறிப்பதில் இன்னொரு லாபம், அணிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் பறிகொடுக்க வேண்டாம். மலையோரம் இருப்பவர்களுக்குக் குரங்கு வேறு. கூண்டின்மேல் வலை போர்த்தினால் குருவி நிற்கும், குரங்கு நிற்காது. அதனால் சிவக்க விடவே மாட்டோம்.

செராஸ் மாடி

நானும் இந்தப் போகத்தில் புதர் ரகம் இரண்டை அண்ணன் சொன்னபடி கூண்டுக்குள் விட்டு, இரண்டைப் பழைய வழியில் ஒற்றைத் தண்டாக வைத்தேன். கூண்டுச் செடியில் காய் தெளிவாக அதிகம். இலைக் கருகல் இரண்டிலும் வந்தது, கூண்டில் உள்ளிலையை எடுத்த பிறகு அடங்கியது. கொடி ரகத்துக்கு என் வழியை மாற்றமாட்டேன், புதருக்கு இனிக் கூண்டுதான்.

ஒரு சந்தேகம். என் புதர்ச் செடி ஒரே மூச்சில் காய்த்துவிட்டு இப்போது காய்ந்துகொண்டே வருகிறது. இதை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்குமா?

பாலிக் புலாவ் தோட்டம்

துளிர்க்கும், ஆனால் காய் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்துவிடும். நோயும் அதற்குள் ஏறியிருக்கும். புதர் ரகத்தின் இயல்பே ஒரு மாத காலத்துக்குள் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஓய்வது. தொடர்ந்து பழம் வேண்டுமென்றால் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டிரண்டு நாற்றாக நட்டுக்கொண்டே வாருங்கள். பினாங்கில் நான் பெரிய நடவை டிசம்பர் கடைசியில் வைக்கிறேன், ஜனவரி பிப்ரவரி வறட்சியில் பூத்துக் காய்க்கும்படி. கேஎல்லில் மார்ச் ஏப்ரலும் அக்டோபர் நவம்பரும் பெருமழை, அந்த மாதங்களில் செடி பூவில் நிற்காதபடி கணக்குப் போடுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கெப்போங் தோட்டக்காரி

முடிந்த செடியை எடுத்த பிறகு கூண்டையும் மூங்கிலையும் அப்படியே அடுத்ததற்கு வைக்காதீர்கள். ராஃபியாவை வெட்டிக் குப்பையில் போடுங்கள், புதிது சில ரிங்கிட்தான். கம்பிக் கூண்டைத் தேய்த்துக் கழுவி, பிளீச் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். மூங்கிலில் மண்ணுக்குள் இருந்த பகுதி இற்றுப்போயிருக்கும், அந்தச் சாண் அளவை அறுத்துவிட்டால் மிச்சம் இன்னொரு போகம் வரும்.

செராஸ் மாடி

பையில் இருக்கும் பழைய மண்ணை என்ன செய்கிறீர்கள் அக்கா? வாடல் எதுவும் வரவில்லை.

கெப்போங் தோட்டக்காரி

வாடல் வராத மண் என்றால் கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்பும் மாட்டு எருவும் கலந்து பயித்தங்காய் போடுங்கள், அதே நாலு மூங்கிலில் ஏறிக்கொள்ளும். இல்லையென்றால் கங்கோங், வெண்டை. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் அந்தப் பையில் ஒரு வருடமாவது போடாதீர்கள். பயித்தங்காய் நாற்பது ஐம்பது நாளில் பறிக்கத் தொடங்கிவிடலாம்.